கொக்கிக்குக் கீழே நிற்பவர்

பிப்ரவரி 6

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான், உன் அண்ணி, உன் வீட்டுக்காரர் மூன்று பேரும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் இருமல் விட்டதா? நூற்றிருபது பெண்களைக் கத்திக் கத்தி அடக்கினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? கொஞ்சம் மெதுவாகக் கத்து.

நீ அந்த விடுதிக்கு வார்டனாகப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை இளைத்துவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில்தான். அவர் சாப்பிடுகிற அளவைப் பார்த்து உன் அண்ணி பெரிய பாத்திரம் வாங்கிவிட்டாள்.

ஒரு நல்ல சேதி. கம்பெனியில் வருடாவருடம் நடக்கும் உடல் தகுதிப் பரிசோதனை முடிந்தது. கம்பவுண்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைக் காட்டி, "படிங்கண்ணே" என்றார். மேலிருந்து கடைசி வரி வரை மூச்சு விடாமல் படித்தேன். "உங்களுக்கென்ன, போங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினோரு வருடத்துக்கு முன் கம்பிவடத்திலிருந்து பிசிறு தெறித்து, வலக் கண்ணில் புரை விழுந்து, உள்ளே செயற்கை லென்ஸ் வைத்துக்கொண்டவன் இவன்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

ஷெட்டில் இப்போது பெரிய பெரிய எண்ணெய்த் தொட்டிகள் கட்டுகிறோம். வளைத்த இரும்புத் தகட்டை நான் மேலே கிரேன் கேபினிலிருந்து தூக்கிக் கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளை கீழே நின்று கை காட்ட வேண்டும். விரல் கனம் விலகினாலும் வெல்டர்கள் திட்டுவார்கள். யாரும் திட்டவில்லை. நானும் அவரும் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது, சும்மாவா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. கத்தல் போகவில்லை. நேற்று ஒருத்தி தலையணை உறைக்குள் பூனைக்குட்டியை ஒளித்து வைத்திருந்தாள். "மேடம், அது தலையணைதான்" என்கிறாள், தலையணை மியாவ் என்கிறது. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று படித்ததும் நிம்மதி. அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அவருக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாயா? பின்பக்கத்து ஓடு ஒழுகியதே, மாற்றியாயிற்றா?

கண் பரிசோதனையில் தேறியதற்கு வாழ்த்து. ஆனால் கம்பெனி கம்பவுண்டர் பார்த்தது வேறு, கண் டாக்டர் பார்ப்பது வேறு. லென்ஸ் வைத்த டாக்டர் என் முன்னால்தானே சொன்னார்: "அடிபட்ட கண்ணு, வருஷம் ஒரு தடவை தவறாம வந்து காட்டுங்க." முதல் நாலைந்து வருடம் நான் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அப்புறம் நீயே போய்க்கொள்வதாகச் சொன்னாய். கடைசியாக எப்போது போனாய்?

இங்கே தொலைபேசி தலைமை ஆசிரியை மேசையில்தான் இருக்கிறது. சாவு சேதிக்கு மட்டும்தான் தருவார்கள். ஆகவே எழுதித்தான் தொலைக்க வேண்டும். நாலு கேள்வி கேட்டிருக்கிறேன். நாலுக்கும் பதில் வேண்டும்.

உன் தங்கை


மார்ச் 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. வேலை நெருக்கடி. எல்லோரும் நலம். நீயும் பூனையும் நலம்தானே?

அண்ணி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாள், பரவாயில்லை. மாப்பிள்ளைக்குச் சட்டை தைத்தாயிற்று, நீல நிறம். ஓடு மாற்றியாயிற்று. நானே ஏறி மாற்ற இருந்தேன், உன் அண்ணி விடவில்லை, ஆள் வைத்தோம்.

போன வாரம் ஃபோர்மன் எங்கள் இருவரையும் எல்லார் முன்னாலும் பாராட்டினார். இப்போதெல்லாம் மாப்பிள்ளை கை காட்டுவதோடு விசிலும் அடிக்கிறார். "இதுதான்யா பாதுகாப்பு! எல்லா ஷெட்டுலயும் இப்படிச் செய்யணும்" என்றார் ஃபோர்மன். மாப்பிள்ளைக்கு வெட்கம் தாங்கவில்லை.

இத்துடன் நிறுத்துகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். உறை ஒட்ட உன் அண்ணியிடம் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

(பின்பக்கம், வேறு கையெழுத்தில்)

அண்ணி எழுதுகிறேன். தண்ணீர் ஊற்றினால் பாதி டம்ளரில், பாதி மேசையில். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால் எரிந்து விழுகிறார். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். பூனையும் சுகம், இப்போது அதற்கு என் அறையில்தான் குடித்தனம்.

நாலு கேள்வி கேட்டேன், மூன்றுக்குப் பதில் வந்தது. எங்கள் விடுதியில் இதைத் தினமும் பார்க்கிறேன். "ஊருக்குப் போனியா, அம்மாவைப் பார்த்தியா, பணம் கட்டினியா, பரீட்சையில எத்தனை மார்க்?" என்று கேட்டால், அம்மாவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். மார்க் மட்டும் காதில் விழுந்திருக்காது. நூற்றிருபது பேர் எனக்குப் பொய் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். உன் பொய் அதில் கடைசி வகுப்பு.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. உன் எழுத்தே சொல்கிறது. கோடு போட்ட தாளில் எழுதுகிறாய். எழுத்தெல்லாம் கோட்டை விட்டுக் கீழே இறங்கிப் போகிறது. "ஓடு" என்பதை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்.

ஒரு காரியம் செய். இடக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, உத்தரத்திலிருந்து தொங்குகிற பல்பை வலக் கண்ணால் மட்டும் பார். தலையை லேசாக ஆட்டிப் பார். என்ன தெரிந்தது என்று அப்படியே எழுது. ஒரு வரி போதும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

நீலச் சட்டை பொருத்தமாக இருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

அண்ணாவுக்கு எழுதிப் பதினெட்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. ஒரு வரிதான் கேட்டேன். அந்த ஒரு வரிக்குப் பதினெட்டு நாள் எடுக்கிற ஆள் இல்லை அவன். நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பதினாறு வருடமாக இல்லாத விசில் இப்போது எதற்கு வந்தது?

நீங்கள் என்னிடம் இதுவரை பொய் சொன்னதில்லை, பேசாமல் இருந்திருக்கிறீர்கள். இந்தத் தடவை பேசாமல் இருக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 14

அன்புள்ள வார்டன் அம்மாவுக்கு,

சட்டை பொருத்தம். சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. நீ சாப்பிடுகிறாயா?

எனக்கு எழுத வராது. முடிந்த அளவு எழுதுகிறேன்.

டிசம்பரிலிருந்தே மச்சானுக்கு வலக் கண் சரியில்லை. வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் வளையல் துண்டு மாதிரி ஒரு கோடு மின்னுகிறதாம். பிறகு ஒவ்வொரு பொருளும் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கொக்கி இரண்டு, சங்கிலி இரண்டு, நானும் இரண்டு. வலக் கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு நாள் தகட்டை என் தலைக்கு மேலே நிறுத்த வேண்டியவர் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். நான் நகர்ந்துகொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம்தான் சொன்னார். "ரெண்டு பேரா தெரியிறீங்க மாப்ளே. இடப்பக்கம் நிக்கிறவர்தான் நிஜம்னு கண்டுபிடிச்சிட்டேன், கவலைப்படாதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நாங்கள் விசில் வைத்துக்கொண்டோம். ஒரு விசில் என்றால் இறக்கு. இரண்டு என்றால் நில். நீளமாக அடித்தால் தூக்கு. விசில் இல்லாமல் அவர் எதையும் அசைப்பதில்லை.

பரிசோதனையில் தேறியது எப்படி என்று நீ கேட்பாய். கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அந்த அட்டை மனப்பாடம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மச்சான்தான் சொல்லிக்கொடுப்பார், பாட்டு மாதிரி. இந்த வருடம் மருந்தகச் சுவருக்கு வெள்ளையடித்தபோது அட்டையின் கடைசி இரண்டு வரிகளின் மேலும் வெள்ளை அடித்துவிட்டார்கள். மச்சான் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்துவிட்டார். கேன்டீனில் கம்பவுண்டர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்: "கண்ணுன்னா இவரு கண்ணு! இல்லாத எழுத்தைக்கூடப் படிக்கிறாரு!" மச்சான் வேடிக்கைக்குப் படித்ததாக அவர் நினைத்துக்கொண்டார். மச்சானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரை அந்தக் கேபினிலிருந்து இறக்கிவிட்டால் அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அதனால்தான் உனக்குச் சொல்லவில்லை. கோபப்படாதே. எனக்குப் பயமில்லை.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 19

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்டுச் சண்டைக்குப் போகாதே. அவரிடம் நான் கேட்டேன், அவர் சொன்னார். "எனக்குப் பயமில்லை" என்று முடித்திருக்கிறார். அதற்கு முன்னால் ஒரு வரியை எழுதி, பேனாவால் அடித்து அடித்து மறைத்திருக்கிறார். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். "காலையில் ஷெட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்" என்று இருக்கிறது.

உன்னை நம்பித்தானே அவரை அங்கே விட்டுவிட்டு வந்தேன்? அவர் வாய் திறக்காத மனிதர். மச்சான் மேலே இருக்கிறார் என்று அவர் பாட்டுக்கு மூன்று டன் இரும்புக்குக் கீழே போய் நிற்கிறார். நீ இரண்டில் எது நிஜம் என்று ஊகம் செய்துகொண்டிருக்கிறாய். அந்த ஊகம் ஒரு நாள் தப்பினால்? எனக்குத் தலைமை ஆசிரியை மேசையிலிருந்து போன் வரும். யார் பேசுவது? நீ பேசுவாயா? என்ன சொல்லுவாய்? இடப்பக்கத்து ஆள்தான் நிஜம் என்று நினைத்தேன் என்றா?

எனக்கு எவ்வளவு கோபம் என்றால், பேனா அழுந்தி இந்தத் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. எவ்வளவு பாசம் என்றால், அந்தக் கண்ணையும் நினைத்து அழுகிறேன். அடிபட்ட கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் நாலு மாதம் ஓட்டியிருக்கிறாயே, உனக்கே உன் கண் மேல் இரக்கம் இல்லையா?

ஏப்ரல் முப்பதாம் தேதி வரை பார்ப்பேன். நீயே இறங்கி ஃபோர்மனிடம் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. இல்லையென்றால் மே முதல் தேதி நான் ஃபோர்மனுக்கு எழுதுவேன். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் சொல்லட்டும், சொல்லிவிட்டுப் போகட்டும். நான் வார்டன். செய்வேன் என்றால் செய்வேன்.

தங்கை


மே 11

அன்புள்ள சுண்டெலிக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். அவள் தன் பங்குக்கு எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது. கண் கட்டுப் போட்டிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இன்னும் அண்ணன் என்று ஒருத்தன் உனக்கு உண்டா?

உன் கடிதம் வந்ததும் எனக்குக் கண் மண் தெரியாத கோபம். இரண்டு நாள் மாப்பிள்ளையோடு பேசவில்லை. "சொல்லிட்டீங்கல்ல" என்று மட்டும் கேட்டேன். "ஆமா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கொடுமை என்னவென்றால், அந்த இரண்டு நாளும் அவர் அதே இடத்தில்தான் வந்து நின்றார். அதே விசில்தான். ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை.

மூன்றாம் நாள் தொட்டியின் மூடித் தகட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறேன். குனிந்து கீழே பார்த்தேன். குனிந்ததும் உள்ளே லென்ஸ் ஆடியது. ஆடியது என்று இப்போதுதான் தெரிகிறது, அப்போது உலகமே ஆடியது போலத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், இடப்பக்கம் இருந்த மாப்பிள்ளை வலப்பக்கம் போய்விட்டார், வலப்பக்கம் இருந்தவர் மேலே ஏறி நிற்கிறார். எவர் நிஜம் என்று தெரியவில்லை. விசில் கேட்கிறது, ஆனால் எந்த ஆளிடமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அந்த நிமிஷம்தான் நீ எழுதியதெல்லாம் எனக்குப் புரிந்தது. கையை லீவரிலிருந்து எடுத்துவிட்டேன். "மாப்ளே, எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லுங்க!" என்று கத்தினேன். எல்லாரும் விலகிய பிறகு அவர் விசில் அடிக்க அடிக்க, ஒரு சாண் ஒரு சாணாக வெறும் தரையில் இறக்கினேன். ஏணியில் நாற்பத்திரண்டு படி. ஒவ்வொன்றாகக் காலால் தடவி இறங்கினேன். இறங்கினதும் நேரே ஃபோர்மனிடம் போய், "எனக்கு வலக் கண்ணு தெரியல. டிசம்பர்லேருந்து தெரியல. அந்த அட்டை எனக்கு மனப்பாடம்" என்றேன். ஃபோர்மன் திட்டியதை உன் அண்ணி எழுத மறுக்கிறாள். நான் இறங்கிவிட்டேன் என்று அன்றைக்கே உனக்குக் கார்டு போட்டதும் அவள்தான்.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறதாம். அந்தப் பையைச் சுற்றிலும் நூல் மாதிரி இழைகள் தாங்கிப் பிடிக்குமாம். அன்றைக்குப் பிசிறு அடித்ததில் பாதி இழை அப்போதே போயிருக்கிறது. மீதி இழைகள் பதினோரு வருடமாகச் சுமந்து சுமந்து, ஒவ்வொன்றாக அறுந்து, லென்ஸ் பையோடு கீழே சரிந்துவிட்டது. அதன் ஓரம்தான் மின்னியது. பாதி லென்ஸ் வழியாகவும் பாதி வெறுமனேயும் பார்த்ததால்தான் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கண்ணோட பின்பக்கம் விழுந்திருக்கும்" என்றார். கண் அழுத்தமும் ஏறியிருந்தது. "வருஷா வருஷம் வந்திருந்தா முன்னாடியே பார்த்திருப்போமே, ஏன் வரலை?" என்று கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை பழைய லென்ஸை எடுத்துவிட்டு, புது லென்ஸை விழியின் வெள்ளைச் சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். விழித்திரை பத்திரமாக இருக்கிறதாம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். போன தடவை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் என்னைக் கருவி அறையில் உட்காரவைத்தார்கள். யார் வந்து ஸ்பேனர் கேட்டாலும், "பாவம், இவர் முன்னாடி கிரேன் ஓட்டினவர்" என்று பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது திரும்பவும் வரும் என்று பயந்தேன். கேவலமான காரணம்தான். வேறு காரணம் இல்லை.

உன் அண்ணன்

(அண்ணி: டாக்டர் முன்னால் அழுதார். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.)


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நன்றாக அழுதேன். கீழே வந்து நாலு பேரைத் திட்டினேன். இப்போது உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது.

அண்ணன் உண்டு. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சொட்டு மருந்தை மறந்தாய் என்று தெரிந்தால் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவேன். குனியாதே, கனமாகத் தூக்காதே, கண்ணைத் தேய்க்காதே. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்தது போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எங்கள் விடுதிக்கு வரும் டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கில்லை.

அவரோடு பேசுகிறாயா? பேசு. முதலில் நீதான் பேச வேண்டும்.

அண்ணிக்கு என் முத்தம்.

உன் தங்கை


செப்டம்பர் 3

அன்புள்ள சுண்டெலிக்கு,

இது என் கையெழுத்து. கோட்டைப் பார், கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறதா? நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். பூனை குட்டி போட்டதாக எழுதியிருந்தாய், அதற்கும் வார்டன்தான் பிரசவம் பார்த்தாளா?

கண் நிலவரம் முழுக்கச் சொல்கிறேன், எதையும் விடவில்லை. பார்வை தெளிவு. ஒன்று ஒன்றாகத்தான் தெரிகிறது. தூரம் தெரிகிறது. அழுத்தத்துக்குக் காலையும் மாலையும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். ஒரு குறை: வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் சில சமயம் கூசுகிறது. இரண்டு நிமிஷம் கண்ணை மூடினால் போய்விடும். அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையோடு நான்தான் முதலில் பேசினேன். "மன்னிச்சிருங்க மாப்ளே" என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றார். அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

மூன்று மாதமாகக் கருவி அறையில்தான் இருக்கிறேன். கம்பெனியில் அந்த அட்டையைக் கழற்றிவிட்டார்கள். இனிமேல் எல்லா கிரேன்காரர்களும் வெளியே பெரிய கண் ஆஸ்பத்திரியில்தான் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். என்னால் வந்த வினை என்று எல்லாரும் என்னை முறைக்கிறார்கள், முறைக்கட்டும். நானும் போனேன். பகல் ஷிஃப்டுக்கு மட்டும் கிரேன் ஓட்டலாம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கண் கூசுவதையும் சொல்லித்தான் வாங்கினேன். ஃபோர்மன், "திங்கட்கிழமை ஏறுங்க" என்றார். மாப்பிள்ளை, "ஏறுங்க மச்சான், நான் நிக்கிறேன்" என்றார்.

நான் ஏறவில்லை. "தங்கச்சி கடிதம் வரட்டும்" என்று ஃபோர்மனிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சொல்வது இதுதான். கீழே நிற்பது உன் வீட்டுக்காரர். அவர் தனக்கு என்ன என்று வாயால் சொல்ல மாட்டார். நீதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் கருவி அறையிலேயே இருந்துவிடுகிறேன். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன் என்று எழுத ஆசைதான். வருத்தப்படுவேன். ஆனால் உன்னோடு சண்டை போட மாட்டேன்.

அண்ணன்


செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை அறிந்து மனசு நிறைந்தது. பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நீ தினமும் தபால்காரரை வழிமறிக்கிறாய் என்று அண்ணி எழுதினாள். வேண்டுமென்று செய்யவில்லை.

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் ஏறு என்று எழுதினேன். அன்று இராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொன்றில் வேண்டாம் என்று எழுதினேன். அன்றும் தூக்கம் வரவில்லை. பிறகு உட்கார்ந்து, எனக்கு எதில் பயம் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். உன் கண்ணைப் பற்றியா? இல்லை. கண் போனால் போகும், வந்தால் வரும், டாக்டர் இருக்கிறார். நீ அதை மறைத்துவிட்டு மேலே உட்கார்ந்து சிரிப்பாயே, அதில்தான் எனக்குப் பயம். அந்த நாலு மாதத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன், மறக்கத்தான் இல்லை. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொள்.

ஆகவே ஒரே ஒரு நிபந்தனை. கண் கூசினாலும், மங்கினாலும், சும்மா சந்தேகம் வந்தாலும், அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே வாய் திறந்து சொல்ல வேண்டும். சாயங்காலம் அவர் காதில் இரகசியமாக இல்லை. ஃபோர்மன் இருந்தாலும், முதலாளியே வந்து நின்றாலும், எல்லார் காதிலும் விழ. உனக்கு அது உயிர் போகிற காரியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

முடியும் என்றால் ஏறு.

உன் தங்கை


அக்டோபர் 10

அன்புள்ள சுண்டெலிக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு ஒரு குறையும் இருக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நேற்று ஏறினேன். நாற்பத்திரண்டு படியும் மூச்சு வாங்கியது, கருவி அறையில் உட்கார்ந்து தின்றதன் பலன். கேபினைத் துடைத்து, லீவரில் கை வைத்ததும் எல்லாம் தானாக வந்துவிட்டது. மாப்பிள்ளை கீழே வந்து நின்றார். விசில் இல்லை, பழையபடி கை மட்டும். முதல் இரண்டு தகடு கன கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. வெல்டர்கள் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்றாவது தகடு கொஞ்சம் பெரியது. பதினோரு மணி இருக்கும். ஷெட்டின் நடுவில் வந்துகொண்டிருக்கிறேன், கூரைத் தகட்டின் இடுக்கு வழியாக வெயில் சாய்வாக வந்து கண்ணில் விழுந்தது. பளிச்சென்று கூசியது. தகடு ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகிறது. கீழே மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் முப்பது பேர். அன்றைக்கென்று பார்த்துப் பெரிய முதலாளியும் ஃபோர்மனும் விருந்தாளி ஒருவரை அழைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு கணம் பழைய புத்தி வந்தது, பொய் சொல்லவில்லை. பத்து அடிதான் பாக்கி, இவர் கையைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம் என்று தோன்றியது. பிறகு கிரேனை நிறுத்தி மணியை அடித்தேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கண்ணு கூசுது! ரெண்டு நிமிஷம் பொறுங்க!" என்று கத்தினேன்.

யாரோ சிரித்தார்கள். முதலாளி ஃபோர்மனைப் பார்த்தார். ஃபோர்மன் என்னைப் பார்த்தார். என் முகம் நெருப்பாகச் சுட்டது. மாப்பிள்ளை மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கையை முஷ்டியாக்கி உயரே பிடித்தார், நில் என்று. முதலாளியையும் விருந்தாளியையும் சேர்த்து எல்லாரையும் தகட்டுக்கு அடியிலிருந்து தள்ளித் தள்ளி அனுப்பினார். தானும் ஓரமாகப் போய், தரையில் கிடந்த ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். அப்படி அவர் சாவகாசமாக உட்கார்ந்து அந்த ஷெட்டில் நான் பார்த்ததே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. "சரியாப் போச்சு, மாப்ளே!" என்றேன். அவர் எழுந்தார். கால்சட்டைத் தூசியைத் தட்டினார். திரும்பவும் வந்து, அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கும் அதே இடத்தில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். கையைத் தூக்கி, இறக்கு என்று காட்டினார்.

நான் இறக்கினேன்.

உன் அண்ணன்